ஜனகனின் ஃபுல் பிரேமும் பணிமனையின் அடிமட்டமும்

கண்டி நகரத்தில் ஒரு மனிதனுக்கு முகம் இருக்கிறது என்பதை அவன் முகத்தைப் பார்த்து யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அதற்கு ஒரு புகைப்படம் வேண்டும். புகைப்படத்துக்குப் பதிவுபெற்ற ஸ்டூடியோ வேண்டும். ஸ்டூடியோவைப் பதிவுசெய்ய முகப்படத் தரநிர்ணயப் பணிமனை வேண்டும். பணிமனைக்கு ஒரு உதவிப் பணிப்பாளரும், அவர் உட்காரக் கதிரையும், கோப்புகளை மறக்க ஒரு அலுமாரியும் வேண்டும். இந்த ஏற்பாடு பல காலமாகக் குறைவில்லாமல் நடந்துவந்தது. கட்டுகஸ்தோட்டை ஸ்டூடியோக்காரன் ஜனகன் புதுக் கமரா வாங்கியதில்தான் எல்லாம் கெட்டது.

வாங்கியது ஃபுல் பிரேம் கமரா. கடை வாசலில் தன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அதை எழுதிவைத்தான்.

சென்சர் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. லென்சுக்குப் பின்னால், முன்பு ஃபிலிம் இருந்த இடத்தில், ஒரு சின்னத் தகடு. வெளிச்சம் அதில் விழுந்துதான் படமாகிறது. அந்தத் தகடு பழைய ஃபிலிம் கட்டத்தின் அளவுக்கு இருந்தால் ஃபுல் பிரேம். சிறிதாக இருந்தால் குரொப். பெரிய தகடு மங்கலான கல்யாண மண்டபத்திலும் புள்ளி விழாமல் படம் பிடிக்கும், பின்னணியைப் பஞ்சுபோலக் கலைத்துவிடும். விசயம் இவ்வளவுதான். ஆனால் ஊர் அதை அவ்வளவோடு விடவில்லை. பெண்ணின் படம் வந்தால் மாப்பிள்ளை வீட்டார் படிப்பை விசாரிக்குமுன் "ஃபுல் பிரேமா?" என்று விசாரித்தார்கள். கேட்டவருக்கும் அது என்னவென்று தெரியாது, பதில் சொன்னவருக்கும் தெரியாது. "ஃபுல்தான்" என்று சொல்லிவிட்டால் சம்பந்தம் பாதி முடிந்த மாதிரி.

அடையாள அட்டைப் படத்தில்தான் சனியன் பிடித்தது. ஜனகன் எந்தப் படத்தையும் லென்சை முழுக்கத் திறந்துதான் எடுப்பான். அப்போது கண்ணுக்குப் பின்னால் உள்ளதெல்லாம் கலங்கிவிடும். இமை மயிரை எண்ணலாம், காதைத் தேடவேண்டும். பணிமனையின் விதியோ இரண்டு காதும் தெளிவாகத் தெரியவேண்டும் என்கிறது. ஹுன்னஸ்கிரிய தோட்டத்துக் கறுப்பையா குடியிருப்பு அட்டைக்கு எடுத்த படம் அப்படித்தான் திரும்பி வந்தது. தோட்டத்து லய அறைக்குப் பதிலாக அவருக்கு ஒரு தனி வீடு ஒதுக்கியிருந்தார்கள். அட்டையைக் காட்டினால்தான் சாவி.

"தம்பி, எனக்குக் காது இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"காது பின்னணியில போயிருச்சுங்க ஐயா. ஃபுல் பிரேமோட அழகே அதுதான்."

"என் காது எப்படிப்பா எனக்கே பின்னணியாகும்?"

ஜனகன் லென்சைத் துடைக்கத் திரும்பிக்கொண்டான். கலை தெரியாதவர்களோடு அவன் பேசுவதில்லை. கறுப்பையா பஸ் ஏறி மடவளைக்குப் போனார். அங்கே ஷப்ராஸ் என்றொருவன் பத்து வருசப் பழைய குரொப் கமராவோடு சின்னக் கடை வைத்திருந்தான். அவன் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்தான், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தான், லென்சை அளவாக மூடி ஒரே ஒரு படம் எடுத்தான். இரண்டு காதும் வந்தன, காதுக்குள் இருந்த நரைமயிர் உட்பட. அதைக் கேள்விப்பட்டுக் கட்டுகஸ்தோட்டைக் காதுகள் எல்லாம் மடவளைக்கு பஸ் ஏறின.

"நீங்களும் லென்சைக் கொஞ்சம் மூடி எடுத்தா காது தெரியுமே?" என்றாள் மனைவி நிரஞ்சனி.

"மூடி எடுக்கவா இவ்வளவு பெரிசா வாங்கினேன்?"

அன்றைக்கே ஜனகன் பணிமனைக்கு ஒரு மனு எழுதினான். 'சென்சரின் அளவும் வகையும் வரையறுக்கப்படாத கமராக்களினால் பொதுமக்களின் முகங்கள் சுருக்கத்துக்கு உள்ளாகி வருவதைத் தாழ்மையுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். குறிப்பாக மடவளையில்' என்று தொடங்கி நான்கு பக்கம் போனது. காதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

உதவிப் பணிப்பாளர் பெரியதம்பி யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு வருசம். அந்த ஆறு வருசத்தில் யாரும் அவரிடம் எதையும் வரையறுக்கச் சொல்லிக் கேட்டதில்லை. மனுவை இரண்டு தரம் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தரமும் படித்தார். மூன்று வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. முகப்படத்தின் உயரம் நாற்பத்தைந்து மில்லிமீற்றர். ஆகவே எந்தச் சென்சரும் நாற்பத்தைந்து மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. சென்சர்கள் அலுவலரால் நேரில் அளக்கப்படும். தவறும் ஸ்டூடியோவின் பதிவு இரத்தாகும். பதிவு இரத்தானால் கட்டுகஸ்தோட்டையில் ஸ்டூடியோ வைத்திருப்பதும் ஒன்று, இழுத்து மூடுவதும் ஒன்று. அட்டைப் படம்தான் அங்கே அன்றாடச் சோறு.

அளக்க முதலில் வந்தது ஜனகனிடம். மனுதாரருக்கு அந்த மரியாதை உண்டல்லவா? பெரியதம்பி ஒரு ஃபைலோடும் அளக்கிற இரும்பு அடிமட்டத்தோடும் ஸ்டூடியோவுக்குள் வந்தார்.

"கமராவைத் திறவுங்கோ."

"சேர், அந்த அறிக்கையில ஒரு சின்னப் பிழை. சின்ன சென்சர்ல எடுத்தாலும் படத்தைப் பெரிசாப் போடலாம்."

"சின்னப் பானையிலை காய்ச்சின சோறு பெரிய பானையை நிரப்புமோ?"

ஷப்ராஸ் விசயத்தில் இந்த நியாயம் ஜனகனுக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்போது பிடிக்கவில்லை. லென்சைக் கழற்றினான். உள்ளே சென்சர் பச்சையும் ஊதாவுமாக மின்னியது.

"என்ன வகை?"

"பின்பக்கத்தால வெளிச்சம் வாங்குற வகை சேர். புது நுட்பம்."

"முகப்படத்துக்கு முன்பக்கம்தானே வேணும்? பின்பக்கம் என்னத்துக்கு?" என்று கேட்டு, வகை என்ற கட்டத்தில் 'ஐயத்துக்குரியது' என்று எழுதினார். பிறகு அடிமட்டத்தை உள்ளே நீட்டினார்.

ஜனகன் பதறிக் கையைக் குறுக்கே கொடுத்தான். "ஐயோ சேர், தொடக்கூடாது! அளவு கொம்பனிப் புத்தகத்திலேயே இருக்கு. முப்பத்தாறுக்கு இருபத்துநாலு."

"கொம்பனி சொல்லுறதை அரசாங்கம் எப்பிடி நம்புறது?"

"தொடாம அளங்க சேர்."

"தொடாமல் எண்டால் கண்ணாலை அளக்கோணும். என்ரை கண் அரசாங்க அளவில்லை. அடிமட்டம்தான் அரசாங்க அளவு. நீங்கள் சொன்ன கணக்குப் பார்த்தாலும் முப்பத்தாறுதான் வருகுது. பதிவை இரத்துச் செய்யட்டோ?"

ஜனகனுக்கு ஒரு பக்கம் கமரா, மறுபக்கம் பதிவு. "மூலைக்கு மூலை அளந்தா நாற்பத்துமூணு வரும் சேர்" என்று அவனே வழி சொன்னான்.

பெரியதம்பி மூலைக்கு மூலை வைத்தார். நாற்பத்துமூன்றுதான் வந்தது. தலையை ஆட்டினார்.

"கொஞ்சம் அழுத்தி இழுத்துப் பாருங்க சேர்" என்றான் ஜனகன். ஆம், அவன் வாயால்தான் சொன்னான். பெரியதம்பி அழுத்தி இழுத்தார். கறக் என்று ஒரு சத்தம் கேட்டது. நாற்பத்தைந்து என்று எழுதிக் கையொப்பமிட்டார். பதிவுச் சான்றிதழ் பின்னர் நேரில் வழங்கப்படும் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்காமல் போனார். நேர்மையான மனிதர், யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை.

அதன் பிறகு எடுத்த படங்களில் எல்லாம் ஒரு கோடு இருந்தது. இடது புருவத்தில் தொடங்கி, மூக்கின் மேலாக இறங்கி, வலது கன்னத்தில் முடிந்தது. கணினியில் அதை அழித்து அனுப்பினான். 'திருத்தப்பட்ட படம் ஏற்கப்படமாட்டாது' என்று திரும்பி வந்தது. சென்சரை மாற்றலாமா என்று பணிமனையில் விசாரித்தான். புதுச் சென்சர் அளக்கப்படாத சென்சர் அல்லவா, மறுபடி அடிமட்டம் வரும் என்றார்கள். வேறு வழியில்லாமல் கோட்டோடு அனுப்பினான்.

பெரியதம்பி அந்தப் படங்களைப் பார்த்ததும் உருகிப்போனார். தன் அடிமட்டம் போன பாதையை அவர் உடனே இனங்கண்டுகொண்டார். இத்தனை வருச உத்தியோகத்தில் அவர் செய்த வேலை ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது இதுதான் முதல் தடவை. இரண்டாம் சுற்றறிக்கை பிறந்தது. முறைப்படி அளக்கப்பட்ட சென்சரில் எடுத்த படத்தில் கோடு காணப்படும். கோடு காணப்படாத படம் அளக்கப்படாத சென்சரில் எடுத்ததாகும். ஆகவே கோடு இல்லாத படங்கள் நிராகரிக்கப்படும்.

"அப்ப காது சேர்?" என்று ஜனகன் தொலைபேசியில் கேட்டான்.

"கோடு இருந்தால் காதும் இருந்ததாய்க் கருதப்படும்."

அக்குறணையிலிருந்தும் பேராதனையிலிருந்தும் ஸ்டூடியோக்காரர்கள் கமராவைக் குழந்தைபோலத் துணியில் சுற்றிக்கொண்டு, தாமாகவே பணிமனைக்கு வந்து கீறிக்கொண்டு போனார்கள். ஷப்ராஸ் மட்டும் வரவில்லை. பெரியதம்பியே மடவளைக்குப் போனார்.

"அடிமட்டம் உடுறதுக்கு என்ட கமராவத் தர ஏலா சேர். பதிவ வெட்டுறெண்டா வெட்டுங்க" என்றான் ஷப்ராஸ்.

வெட்டினார்கள். ஜனகன் அன்று சந்தோசத்தில் கடையில் பால்சோறு கொடுத்தான். மாதம் முடிவதற்குள் கோடு நாகரிகமாகிவிட்டது. கோடு இல்லாத கல்யாண அல்பத்தைப் பார்த்து "மலிவு வேலை" என்று மூக்கைச் சுளித்தார்கள். ஒரு மணப்பெண், தன் கோடு தங்கையின் கோட்டைவிட மெல்லியதாக இருக்கிறது என்று அழுதாள்.

கறுப்பையாவுக்கு ஷப்ராஸ் எடுத்த படம் கோடில்லை என்று திரும்பிவந்தது. அவர் மறுபடி ஜனகனிடம் வந்து, காதில்லாமலும் கோட்டோடும் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். உடனே ஏற்கப்பட்டது.

அட்டைகளும் சான்றிதழ்களும் பணிமனை மண்டபத்தில் ஒரே நாளில் வழங்கப்பட்டன. உரியவர் நேரில் வரவேண்டும், படத்தோடு முகம் ஒப்பிடப்படும் என்று அறிவித்திருந்தார்கள். முதல் அழைப்பு ஜனகனுக்கு. இஸ்திரி போட்ட சட்டையோடு நிரஞ்சனியையும் கூட்டிக்கொண்டு போனான். பெரியதம்பி சான்றிதழில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், ஜனகனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது ஆர்?"

"நான்தான் சேர்."

"படத்திலை இருக்கிறவருக்கு முகத்திலை கோடு இருக்குது. உங்களுக்கு இல்லையே."

அது உங்கள் அடிமட்டம் போட்ட கீறல் என்று சொல்ல ஜனகன் வாயைத் திறந்தான். சொன்னால் கமரா பழுது என்றாகும். பழுதான கமராவுக்குப் பதிவில்லை. பதிவில்லை என்றால் கடையில்லை. வாயை மூடிக்கொண்டு நிரஞ்சனியைப் பார்த்தான். அவள் கைப்பையைத் திறந்து புருவம் தீட்டும் பென்சிலை எடுத்து நீட்டினாள். நீட்டும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"போட்டுக்கிட்டு வர மறந்துட்டேன் சேர்" என்றான் ஜனகன். இடது புருவத்திலிருந்து வலது கன்னம்வரை இழுத்தான்.

பெரியதம்பி அடிமட்டத்தை எடுத்து அவன் மூக்கின் மேல் வைத்துச் சரிபார்த்தார். "ஓம். இப்பதான் நீங்கள் நீங்களாய் இருக்கிறியள்" என்று சான்றிதழைக் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எவருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பென்சில் கை மாறியது. அட்டைக்கு வந்திருந்த ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், பட்டதாரிகள் இரண்டுபேர் என்று எல்லோரும் ஒருவர் முகத்தில் ஒருவர் கோடு இழுத்துக்கொண்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கள் கோடு நேராக வந்திருக்கிறதா என்பதுதான் அவர்கள் கவலை. பென்சில் கட்டையாகி ஜனகனிடமே திரும்பி வந்தபோது, மிச்சமிருந்தவர் கறுப்பையா ஒருவர்தான்.

"ஏன் தம்பி, கீறல் ஒங்க கமராவுலதானே இருக்கு? என் மூஞ்சியில எதுக்கு?"

 கோடு போட்ட முகங்கள் எல்லாம் திரும்பின.

"பெரியவர், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றார் ஆசிரியர். "எங்க எல்லாரோட அட்டையும் போயிரும்."

ஜனகனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு நிமிடம் நிஜமாகவே வெட்கமாக இருந்தது. கையில் சான்றிதழ் சூடாக இருந்ததால் அது நீடிக்கவில்லை. "இது எல்லாருக்கும் இருக்கிறதுதாங்க ஐயா" என்றான்.

கறுப்பையா அவனைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.

"சரி, போடுங்க. அழுத்திப் போடுங்க தம்பி. எங்க பக்கம் எந்நேரமும் மழை. அழிஞ்சு போச்சுன்னா என்னைய என் வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

ஜனகன் அழுத்திப் போட்டான்.