அக்காவுக்கு நான் எடுத்த சிவப்புச் சப்பாத்து

ரசனை உள்ளவரை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்கலாம். தனக்கு ரசனை இருப்பதாகத் தானே சொல்லிக்கொண்டு திரிகிறவரை நம்பி ஒரு ஜோடிச் செருப்பைக்கூட வாங்கிவரச் சொல்லக்கூடாது. இதை நான் அடித்துச் சொல்வேன். அந்த இரண்டாவது ரகம் நான்தான்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்தொன்பது வயது. இலங்கை மலையகத்தில் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாய்க் குடும்பங்கள். அம்மாவும் அக்கா லெச்சுமியும் கொழுந்து எடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார்கள். நான் பதுளையில் பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர்களின் உடுப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு நாலு வருஷம் சப்பாத்துப் போட்டுப் போனவள் என்பதால், சப்பாத்து சம்பந்தமான எல்லா விஷயத்திலும் லயத்துக்கு நான்தான் கடைசித் தீர்ப்பு. (யாரும் வந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.)

அந்த வருஷம் சித்திரையில் அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை சுந்தரம், பண்டாரவளையில் தையற்கடை வைத்திருந்தவர். நல்ல மனுஷன். ஆனால் அவரோடு கூட அவருடைய அக்காவும் வருவார். பெண் பார்க்க வந்த அன்று அந்த அம்மாள் எங்கள் அக்காவின் முகத்தைப் பார்த்ததைவிடக் காலைப் பார்த்ததுதான் அதிகம். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"எங்க வீட்டுல வெளிய தெருவ போனா சப்பாத்து போட்டுத்தான் போவோம். புள்ளைக்குப் பழக்கம் இருக்கா?"

அம்மா வாயைத் திறக்கும் முன்பே நான் முந்திக்கொண்டு, அக்காவுக்கு நல்ல பழக்கம், வீட்டில் ரெண்டு ஜோடி இருக்கிறது என்று அளந்துவிட்டேன். வீட்டில் இருந்தது என்னுடைய பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து ஒரு ஜோடி. அதிலும் ஒன்றில்தான் கயிறு இருந்தது.

கல்யாணத்துக்குப் புதுச் சப்பாத்து எடுத்தே ஆகவேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது. அக்காவே கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் மழை பெய்து கொழுந்து கொட்டுகிற நேரம், ஒரு நாள் வேலையை விட முடியாது. போதாக்குறைக்குப் பரிசம் போட்ட பெண் ஆற்றைத் தாண்டக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருந்தாள். ஆகவே எங்கள் தோட்டத்து வழக்கப்படி விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, அக்காவின் குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை வைத்து, நறுக்கென்று ஒடித்துக்கொண்டேன். யார் யாருக்குச் செருப்பு வாங்கப் போனாலும் இந்த ஈர்க்குத்தான் கூடப் போகும், கால் வீட்டில் இருக்கும்.

அம்மா சொன்னது ஒரே வாக்கியம். மண்ணிறத்தில், குதி இல்லாமல், வார் வைத்ததாக வாங்கி வா. அக்கா சொன்னதும் ஒரே வாக்கியம்தான்.

"நீ எதை எடுத்தாலும் சரி விசயா, அந்த நாத்தனார் முன்னால நான் தலை குனியாம நின்னா போதும்."

இதைக் கேட்டதும் எனக்கு மண்ணிறம் மறந்துபோய்விட்டது.

பதுளைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் முள்முருக்கு சிவப்பாய்ப் பூத்துக் கிடந்தது. வெளிநாட்டுச் சாமான் வர அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டிருந்த சமயம் அது. அதற்கு முன் பதுளைக் கடைகளில் பெண்களுக்குச் சப்பாத்து என்றால் கறுப்பு, மண்ணிறம், அதற்கு மேல் கேட்டால் முறைப்பு. இப்போதோ கடைத்தெருவில் நான் எப்போதும் போகிற, நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரின் வாசலில் மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, ரோஸ், ஊதா என்று வரிசையாகத் தொங்கின. பூ வைத்தது, கொக்கி வைத்தது, பின்னால் திறந்தது, முன்னால் திறந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உலகம் இவ்வளவு அழகாக இருக்கும்போது நான்கு வருஷம் கறுப்புச் சப்பாத்துக்கு மை பூசிக்கொண்டிருந்தேனே என்று அழுகையே வந்தது. சந்தோஷ அழுகைதான்.

இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மஞ்சளைக் கையில் எடுப்பேன், சேலைக்கு ஒத்துவருமா என்று கண்ணை மூடிப் பார்ப்பேன், வைப்பேன். பச்சையை எடுப்பேன். இரண்டு தடவை வெளியே கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன். கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதைக் கண்டேன். ரத்தச் சிவப்பு. கூர்மூக்கு. நாலு விரல் உயரத்துக்குக் குதி. பக்கத்தில் தங்க நிறத்தில் சின்ன வளையம். அம்மா சொன்னதில் ஒன்றுகூட அதில் இல்லை, அதனாலேயே எனக்கு அது இன்னும் பிடித்தது.

நானா ஈர்க்கை வாங்கி உள்ளே விட்டுப் பார்த்தார். அச்சாக அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

"மகள், ஈர்க்கு நீளத்தைத்தான் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. மலையில நடந்த காலா?"

எனக்குச் சுருக்கென்றது. என் அக்காவின் காலைப் பற்றி ஒரு கடைக்காரர் பேசுவதா? பொம்பிளைப் பிள்ளையின் கால், மெலிசாகத்தான் இருக்கும், நீங்கள் கட்டிக் கொடுங்கள் நானா என்றேன். அவர் அகலமான மண்ணிறச் செருப்பு ஒன்றை ஒரு தடவை எடுத்துக் காட்டினார். நான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. (அப்போது பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது. என் மானம் மிச்சமாகியிருக்கும்.)

வீட்டுக்கு வரும் வழியில்தான் பயம் பிடித்தது. அம்மா பெட்டியைத் திறந்து குதியைப் பார்த்தால் என்னைத் தொலைத்துவிடுவாள். ஆனால் அதிர்ஷ்டம் பாருங்கள், அம்மாவே என்னைக் காப்பாற்றினாள். கல்யாணச் சாமானைத் தாலி ஏறும் வரை பிரிக்கக்கூடாது, கண் பட்டுவிடும் என்று சொல்லிப் பெட்டியை வாங்கித் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அக்கா ஒரு தடவை போட்டுப் பார்க்கவா என்று ஆசையாகக் கேட்டாள். கூடவே கூடாது என்று அம்மாவைவிடப் பலமாக நான்தான் கத்தினேன்.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில். கோயிலுக்குள் யார் சப்பாத்துப் போடப் போகிறார்கள்? தாலி ஏறியது, மாலை மாறியது, எல்லாம் வெறுங்காலோடு சிறப்பாக நடந்தது. அதற்குப் பிறகு பண்டாரவளையில் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. கோயில் வாசலில் வேன் நின்றது. பெண்ணுக்குத் துணையாகப் போகிறவள் நான். நான் மண்டியிட்டு உட்கார்ந்து, பெருமையோடு பெட்டியைத் திறந்தேன்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை, ஏனென்றால் அக்காவின் கால் உள்ளே போகவில்லை.

பதினான்கு வயதிலிருந்து கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கின கால் அது. சரிவிலே வழுக்காமல் நிற்க விரல் ஐந்தும் விரிந்து மண்ணைப் பிடித்துப் பழகியவை. நீளம் சரியாக இருந்தது. அகலத்துக்கு அந்தக் கூர்மூக்கில் மூன்று விரலுக்குத்தான் இடம். மற்ற இரண்டும் எங்கே போகும்? நான் தள்ளினேன். அக்கா தள்ளினாள். கோயில் விளக்கிலிருந்து எண்ணெய் எடுத்துத் தடவினேன். கால் வழுக்கி வெளியே வந்ததே தவிர உள்ளே போகவில்லை.

கடைசியில் முன்விரல்களை மட்டும் சொருகிக்கொண்டு, குதிகாலை அந்தரத்தில் தூக்கியபடி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா வேன் வரை அடி அடியாக நடந்தாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், பாருங்க பொண்ணு எவ்வளவு அடக்கமா நடக்குது என்று மெச்சிக்கொண்டார்கள்.

ஸ்டூடியோ வாசலில் நாத்தனார் முன்னாலேயே வந்து காத்திருந்தார். படம் பிடிப்பவரிடம், பெண்ணின் பாதம் தெரிகிறமாதிரி எடுங்கள், சப்பாத்து நல்லாத் தெரியணும் என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே இடம் சின்னது. மாப்பிள்ளை, பெண், நான், படம் பிடிப்பவர் நால்வர்தான்.

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து மறுபடியும் முயன்றோம். வலியில் அவள் முகம் கோணியது. படம் பிடிப்பவர், கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க என்றார். அவ்வளவுதான், எனக்குக் கட்டுப்படவில்லை. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். ஈர்க்கு, நானா சொன்னது, அம்மாவின் மண்ணிறம், வீட்டில் ரெண்டு ஜோடி இருக்கிறது என்ற பொய், எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் கொட்டிவிட்டேன். கல்யாணமாகி அரை நாள்கூட ஆகவில்லை, அக்காவின் தலையை நானே குனியவைத்துவிட்டேன் என்று நினைக்க நினைக்க நெஞ்சு வெடித்தது.

அக்கா அழவில்லை. சப்பாத்தைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுப் புருஷனை நேராகப் பார்த்தாள்.

"இது மலை ஏறுன காலுங்க. இந்தச் சப்பாத்துக்கெல்லாம் அடங்காது. ஒங்க அக்காகிட்ட நானே சொல்லிர்றேன்."

மாப்பிள்ளை குனிந்து அவள் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீளத்த மட்டும் அளந்து நான் சட்டை தச்சா, பண்டாரவளைல என்னைய விட்டு வச்சிருப்பானுங்களா?"

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அதுவரை அவர்கள் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. சிரித்து முடித்ததும் அவர், சொல்லுறத வீட்டுக்குப் போய் சொல்லிக்கலாம், இப்ப படத்தைக் கெடுக்க வேணாம் என்று சொல்லிவிட்டு, ஒங்காலுக்கு இது சேருதா பாரு என்று என்னிடம் சப்பாத்தை நீட்டினார். சேர்ந்தது. பின்னே? உட்கார்ந்து தின்றவளின் கால் அல்லவா!

அக்கா நாற்காலியில் சம்மணம் போட்டாள். நான் நாற்காலிக்குப் பின்னால் தரையில் மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் நாற்காலிக்கு அடியால் முன்பக்கம் நீட்டினேன். மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, தையற்காரக் கையால் சேலை மடிப்பை ஒவ்வொன்றாக இழுத்து என் கணுக்கால் வரை இறக்கி மூடினார். பிறகு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று மாலையைச் சரிசெய்துகொண்டார். பொண்ணோட கால் ஆடுது என்று படம் பிடிப்பவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து சத்தம்போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எடுத்தாயிற்று. சேலைக்குள் பழையபடி முன்விரல்களைச் சொருகிக்கொண்டு அக்கா வேன் ஏறினாள்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் இன்னொரு அதிசயம். வலது காலை எடுத்து வைக்க வேண்டிய பெண், எப்படியும் வெறுங்காலோடுதானே உள்ளே போகவேண்டும்! வேனிலேயே சப்பாத்தை விட்டுவிட்டு அக்கா ராணி மாதிரி உள்ளே போனாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அன்று முழுக்க அந்தச் சப்பாத்துக்கு வேலையே இருக்கவில்லை.

இரண்டு வாரத்தில் படம் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு மணி நேரம் பாடுபட்டுத் தேடின சிவப்பு அதில் கறுப்பாக விழுந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. மல்லாந்து படுத்தவளின் கால் எப்படி இருக்கும்? பெண் நிமிர்ந்து உட்கார்ந்து புன்னகை செய்கிறாள், அவளுடைய சப்பாத்து மூக்குகள் இரண்டும் வானத்தைப் பார்க்கின்றன. அடியில் ஒட்டியிருந்த அளவுச் சீட்டுத் தெளிவாகத் தெரிகிறது.

நாத்தனார் படத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாராம். ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் காலை அப்படி வைக்க முடிகிறதா என்று முயன்று பார்த்தாராம். முடியவில்லை. அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ஒன்றையும் மறைக்காமல், தலையையும் குனியாமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாள் தன் சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக் காலைக் காட்டினார். இரண்டு சுண்டுவிரலிலும் கால் ஆணி. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன.

"நானும் கொஸ்லந்தப் பக்கம் லயத்துல பொறந்தவதான் லெச்சுமி. கல்யாணத்தன்னைக்கு அழுத்திப் போட்டது. பதினெட்டு வருசமாச்சு. ஒன்னைய மாதிரி கழட்டி வைக்க எனக்குத் தைரியம் வரல."

மறுநாளே இரண்டு பேரும் சேர்ந்து கடைக்குப் போய், காலையும் கூடவே கொண்டுபோய், அகலமாக ஆளுக்கொரு ஜோடி எடுத்துக்கொண்டார்கள். மண்ணிறத்தில்தான். (என்னைக் கூப்பிடவில்லை.)

படத்தை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டிவிட்டார்கள். நான் எப்போது போனாலும் சுந்தரம் மச்சான் உள்ளே பார்த்து, என் பொண்டாட்டியோட காலு வந்திருச்சு, அதுக்கு ஒரு தேத்தண்ணி போடுங்க என்பார். மூன்று வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அவர் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்றப் போகிற நேரத்தில் எழுந்து நின்று, ஒரு உண்மையை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது என்று ஆரம்பித்தார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இந்தப் புள்ளையோட காலுக்கு ஏற்கெனவே என்னோட கல்யாணம் ஆயிருச்சு. அத்தாட்சிக்குப் படம் இருக்கு. மிச்சத்த வேணும்னா நீங்க கட்டிக்கங்க."

படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மிச்சம் போதும் என்று சொன்னவர்தான் என் வீட்டுக்காரர். இன்றுவரை எங்கள் வீட்டில் எனக்குக் கால் வலித்தால், ஒங்க மச்சானுக்குச் சொல்லியனுப்பு, அது அவரு பொறுப்பு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.