சோளக்காட்டில் இறங்கிய தீர்மானம்

ஓர் இயந்திரம் ஓட மறுக்கும்போதுதான் மனித அறிவு முழு வேகத்தில் ஓடுகிறது. இது என் சொந்தக் கருத்து அல்ல. பெதர்டன் வீட்டு விமானச் சங்கத்தின் அசைக்க முடியாத கொள்கை. வீட்டு விமானம் என்றால், எந்தத் தொழிற்சாலையையும் நம்பாமல், மனிதன் தன் கொட்டகையில் தானே அறுத்து, ஒட்டி, ரிவிட் அடித்துக் கட்டிக்கொள்ளும் விமானம். எங்கள் கேன்சஸ் மாநிலத்தில் கோதுமைக்கும் காற்றுக்கும் அடுத்தபடியாக அமோகமாக விளைவது இதுதான்.

அந்தச் சங்கத்தின் செயலாளர் நான், கென்டல் ஓயர். என் விமானத்தின் இடது இறக்கை கராஜில் பத்திரமாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமான்களை வைக்க அதைப் போல அகலமான இடம் வீட்டில் வேறு இல்லை. தலைவர் லோவெல் க்ரெப்ஸ், ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர், தன் விமானத்தின் வாலை முடித்துவிட்டார்; தலை யோசனையில் இருக்கிறது. தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த டுவேன் ப்ரூயிட் தன் விமானத்துக்கான கம்ப்யூட்டரைக் கட்டி முடித்துவிட்டார். அதைச் சுற்றி ஒரு விமானம் கட்டுவது ஒன்றுதான் பாக்கி.

இப்படி நிதானமாக முன்னேறிக்கொண்டிருந்த சங்கத்தில், முழு விமானத்தையும் கட்டி முடித்து அதில் ஏறிப் பறக்கவும் செய்த ஒரே அவசரக்காரர் வெர்லின் ஸ்டக்கி. மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாதுவான மனிதர். யார் எந்த ஆலோசனை சொன்னாலும் தட்டமாட்டார். ஆலோசனை மட்டுமே உற்பத்தி செய்யும் ஒரு சங்கத்துக்கு இப்படிப்பட்ட உறுப்பினர் கிடைப்பது பெரும் பாக்கியம்.

வெர்லின் வாங்கிப் பொருத்தியது, மோதி நொறுங்கிய ஒரு பந்தயக் காரிலிருந்து எடுத்த ரோட்டரி இன்ஜின். மற்ற இன்ஜின்களில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் குதிப்பெல்லாம் கிடையாது. முக்கோணமாக ஓர் இரும்புத் துண்டு உள்ளே சுற்றிச் சுற்றி வரும். எங்கள் விவாதங்களும் ரோட்டரி வகைதான் என்பதால் சங்கத்துக்கு இந்த இன்ஜின் மேல் தனிப் பாசம். போதாததற்கு அதில் டர்போ வேறு. அதாவது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினின் வாயில் காற்றைத் திணிக்கும் விசிறி.

வெர்லினுக்கு ஓர் ஆசை. அவருடைய மனைவி மார்வாவைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் இருக்கும் அவள் தங்கை வீட்டு மேய்ச்சல் நிலத்தில் போய் இறங்க வேண்டும். மார்வாவுக்கும் ஆசைதான். ஆனால் அதை ஆசையாகச் சொல்லமாட்டாள், புகாராகத்தான் சொல்வாள்.

"இத்தனை வருஷம் என்னை விட்டுட்டு இதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தே. ஒரு தடவையாவது நானும் அதுல உக்காரணும்யா" என்பாள்.

அந்த வேளையில்தான் இன்ஜின் இருமத் தொடங்கியது.

தரையில் தையல் மெஷின் மாதிரி ஓடும். மேலே ஏறும்போது, முழு சக்தி கொடுத்த சற்று நேரத்தில், 'ஹக்' என்று ஓர் இருமல்; பிறகு மூச்சுத் திணறல். வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். கூட்டினால் மறுபடி 'ஹக்'. வெர்லின் முகம் வெளுத்துத் திரும்பி வந்து இறங்கி, நேராக இன்ஜின் மூடியைத் திறக்கப் போனார்.

"தொடாதே!" என்றார் லோவெல். "ஒருத்தர் தனியாத் தெறந்து பாத்தா அது அபிப்பிராயம். எல்லாரும் சேந்து பாத்தாத்தான் ஆதாரம். கோரம் இல்லாம மூடியைத் தெறக்கக்கூடாது."

கோரம் என்றால் கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய ஆள் கணக்கு. எங்கள் சங்கத்தில் கோரம் குறைந்ததே இல்லை, அந்தச் சொல்லின் எந்தப் பொருளில் பார்த்தாலும். அன்றும் ஆட்களுக்குச் சொல்லியனுப்பி, காபி போட்டு, எல்லோரும் வந்து சேர்ந்து, முந்தைய கூட்ட நடவடிக்கைகளை நான் வாசித்து முடித்த பிறகு, மூடியின் திருகாணிகள் முறைப்படி கழற்றப்பட்டன. உள்ளே இன்ஜின் குளிர்ந்து, குழாய்களெல்லாம் உருண்டு திரண்டு, ஒரு பாவமும் அறியாததுபோல் இருந்தது.

"கம்ப்யூட்டர்தான்" என்றார் டுவேன். அவர் வீட்டில் பால் திரிந்தாலும் அவருக்கு அது கம்ப்யூட்டர்தான்.

"பெட்ரோல் பத்தல" என்றார் லோவெல். "பம்ப் இன்னொண்ணு வேணும்."

"ஆயில் சூடாகுது" என்றேன் நான். எதையாவது சொல்லாவிட்டால் செயலாளர் பதவிக்கு இழுக்கு.

வெர்லின் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இதுல எதுய்யா?"

"எல்லாமே" என்றார் லோவெல். "ஜனநாயகம்னா அதானே?"

இணையத்தில் இந்த இன்ஜின்காரர்களுக்கென்றே ஒரு மன்றம் உண்டு. வெர்லின் அங்கேயும் கேட்டார். ஸ்பார்க் பிளக்கை மாற்று என்று ஃபின்லாந்திலிருந்து ஒருவர் எழுதினார். ஃபின்லாந்துக்காரன் பேச்சைக் கேட்டுத்தான் தன் இன்ஜின் பாழானது என்று நியூசிலாந்திலிருந்து ஒருவர் எழுதினார். அதன்பின் இருவரும் வெர்லினை மறந்துவிட்டு நேரடியாகவே ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமைதோறும் சங்கக் கொட்டகையில் பான்கேக் சுட்டுத் தின்றுவிட்டு ஒரு தீர்வு பொருத்துவோம். இரண்டாவது பம்ப் வந்தது. கூடுதல் ஆயில் கூலர் வந்தது. இன்ஜின் முழுக்கப் பளபளவென்று வெப்பம் தடுக்கும் துணி சுற்றினோம். தீக்காயம் பட்ட நோயாளி மாதிரி ஆனது. அப்புறம் டுவேன் தந்த இரண்டாவது கம்ப்யூட்டர், இன்ஜினில் ஏற்கெனவே இருந்த கம்ப்யூட்டரைக் கண்காணிக்க. அதற்குத் தனி பேட்டரி. வைக்க இடம் தேடியபோது பொருத்தமாக ஓரிடம் காலியாக இருந்தது.

மார்வா காபிக் கெட்டிலோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இது என் சீட்டு."

"தற்காலிகமா" என்றார் டுவேன்.

"அப்போ நான் எங்கே உக்காரணும்? றெக்கையிலயா?"

"எடை சமநிலை கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றார் டுவேன், நிஜமாகவே யோசித்தபடி.

மார்வா வெர்லினைப் பார்த்தாள். வெர்லின் தன் பூட்ஸைப் பார்த்தார்.

கடைசியில் லோவெல் தலைமையில் 'இறுதிப் பரிசோதனை' நடந்தது. வாலை டிராக்டரோடு கட்டிப்போட்டு, எல்லோருக்கும் தெரிய வேண்டுமே என்று மூடியைக் கழற்றிவைத்துவிட்டு, முழு சக்தியில் ஓட்டினோம். நல்ல காற்று இன்ஜின் மேல் தாராளமாக வீசியது. ஓர் இருமல்கூட இல்லை. கை தட்டினோம். இன்ஜின் பூரண குணமடைந்துவிட்டதாக லோவெல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நான் வழிமொழிந்தேன்.

வெர்லின் முகம் மலர்ந்தது. "அப்போ பயமில்ல. யாராவது என்கூட ஒரு சுத்து வர்றீங்களா?"

கொட்டகையில் திடீரென்று எல்லோருக்கும் வேலை வந்துவிட்டது.

"எனக்கு ஆசைதான்" என்றார் லோவெல். "ஆனா சீட்ல கம்ப்யூட்டர் இருக்கே."

"எடுத்து மடியில வெச்சுக்கலாம் தலைவரே."

"முட்டி வலி."

டுவேனுக்குப் புல் வெட்ட வேண்டியிருந்தது. எனக்கு மதியம் பல் டாக்டர். அன்று சனிக்கிழமை, பெதர்டனில் பல் டாக்டர் கிடையாது என்பதை வெர்லின் நாகரிகம் கருதிச் சுட்டிக்காட்டவில்லை. மூடியை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார்.

வெயில் கொளுத்திய பிற்பகல். விமானம் வழக்கத்தைவிட வெகு தூரம் ஓடியபிறகே தரையை விட்டது. எங்கள் அறிவின் கனம் அப்படி. தானியக் கிடங்குக் கோபுரத்துக்கு மேல் வளைந்து ஏறிக்கொண்டிருந்தபோது, லோவெலின் கையிலிருந்த ரேடியோ பேசியது.

"இருமுது."

"எப்படி இருமுது? விவரமாச் சொல்லு" என்றார் லோவெல்.

டுவேன் ரேடியோவைப் பிடுங்கினார். "ரெண்டாவது கம்ப்யூட்டருக்கு மாத்து!"

நான் பிடுங்கினேன். "ஆயில் சூடு என்ன காட்டுது?"

"பம்ப்! பம்பைப் போடு!" என்று லோவெல் என் தோள் மேலிருந்து கத்தினார்.

"வேகத்தைக் குறைச்சும் சரியாகல" என்றது ரேடியோ. "கீழ இறங்குது. இந்தக் கனத்துக்கு இருக்கற சக்தி பத்தல."

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்.

"கொஞ்ச நேரம் எல்லாரும் வாயை மூடறீங்களா?" என்றார் வெர்லின்.

சங்க வரலாற்றிலேயே அவர் எங்கள் ஆலோசனையை மறுத்தது அதுதான் முதல் முறை. ரேடியோ அடங்கியது. இன்ஜின் சத்தமும் அடங்கியது. விமானம் கோபுரத்துக்குப் பின்னால் மறைந்தது. மறுபக்கம் வரவேயில்லை.

என் கையில் இருந்த பான்கேக் தட்டு எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. மார்வா ஏற்கெனவே பிக்கப்பைக் கிளப்பிவிட்டாள். நான் ஓடிப் போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டேன். ஏன் ஏறினேன் என்றும் தெரியாது. பாதையில்லாத இடத்தில் வேலியை முறித்துக்கொண்டு வண்டி சோளக்காட்டுக்குள் பாய்ந்தது. அவள் வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பிரார்த்தனை என்று நினைத்தேன். நெருங்கிக் கேட்டபோது அது எங்கள் மூவரின் பெயர்கள்.

விமானம் சோளத்தை அரிந்துகொண்டு போய், ஒரு சக்கரம் மடங்கிச் சாய்ந்து நின்றிருந்தது. வெர்லின் நெற்றியில் ரத்தம். ஆனால் நின்றுகொண்டிருந்தார். கோரமும் இல்லை, நடவடிக்கைக் குறிப்பும் இல்லை. மனிதர் தன்னந்தனியாக மூடியைப் பிய்த்தெறிந்துவிட்டிருந்தார்.

"உயிரோட இருக்கியா?" என்று கத்தினாள் மார்வா.

"இருக்கேன், இருக்கேன். ஓடியா மார்வா! ஆறிடப்போவுது, சீக்கிரம் இதைப் பாரு!"

"உன்னைப் பாக்க வந்தா என்னத்தைக் காட்டறே?" அவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு அதே கையால் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதன்பிறகுதான் பார்த்தாள்.

காற்று வடிகட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய், கழற்றிப்போட்ட காலுறை மாதிரி சப்பையாக ஒட்டிக் கிடந்தது. கொதித்தது.

"கன்னுக்குட்டி" என்றார் வெர்லின். குழாயைச் சுட்டிக் காட்டினார். "சில கன்னுங்களுக்கு மூச்சுக்குழாய் தொளதொளன்னு இருக்கும். நிக்கும்போது ஒண்ணும் தெரியாது. ஓட விட்டா, இழுக்கற மூச்சுலயே குழாய் ஒட்டிக்கும். திணறி விழும். கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து நிக்கும், ஒண்ணுமே நடக்காத மாதிரி. இதுவும் அதேதான். மூடிக்குள்ள சூட்டுல ரப்பர் இளகிடுது. டர்போ உறிஞ்சற உறிஞ்சல்ல சப்பையாகிடுது. காத்தே உள்ள போகல. நாம காபி குடிச்சுட்டு வந்து தெறக்கறதுக்குள்ள ஆறி, பழையபடி உருண்டுக்குது. எத்தனை மாட்டுக்குப் பாத்திருப்பேன்! இதுக்குத் தோணவே இல்லையே."

"உன்னை எங்கேய்யா யோசிக்க விட்டாங்க?" என்றாள் மார்வா.

எல்லோரும் கார்களில் வந்து சேர்ந்து கோரம் கூடியபோது குழாய் ஆறி, உருண்டு, அழகாக நின்றது. லோவெல் அதைத் தட்டிப் பார்த்தார்.

"எனக்கு நல்லாத்தானே தெரியுது."

அதன்பிறகு வெர்லின் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சக்கரத்தைச் சரிசெய்தார். ரப்பர் குழாயை வீசிவிட்டு, மூடப்பட்ட பால் பண்ணையொன்றிலிருந்து எஃகுக் குழாய் வாங்கி வளைத்துப் பொருத்தினார். பம்ப், கூலர், வெள்ளித் துணி, கம்ப்யூட்டர், அதன் பேட்டரி எல்லாம் ஒரு பெட்டியில் போடப்பட்டு, அன்போடு எங்கள் கொட்டகை வாசலில் வைக்கப்பட்டன. தனியாகப் பல தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். இருமல் இல்லை. பிறகு ஒரு காலை நேரத்தில் மார்வாவை அவள் சீட்டில் உட்காரவைத்து நெப்ராஸ்காவுக்குப் போய், மேய்ச்சல் நிலத்தில் இறங்கி, பத்திரமாகத் திரும்பியும் வந்துவிட்டார். சங்கத்தின் அனுமதி இல்லாமல்!

இப்படியொரு அத்துமீறலை எந்த அமைப்பு பொறுக்கும்? விசாரணைக் கூட்டம் கூட்டினோம். மார்வா தங்கை வீட்டிலிருந்து ஒரு தட்டு நிறையக் கொலாச்சி கொண்டுவந்திருந்தாள், நடுவில் பிளம் பழம் வைத்துச் சுட்ட பன். தின்றுகொண்டே விசாரித்தோம்.

"குழாயை ஒரு காரணமா ஏத்துக்க முடியாது" என்றார் டுவேன். "அவ்வளவு பெரிய பிரச்சினைக்கு இவ்வளவு சின்னக் காரணமா?"

"அதுவும் கோரம் இல்லாதப்போ பாத்தது" என்றார் லோவெல், சர்க்கரை ஒட்டிய விரலை நக்கியபடி. எழுந்து நின்று, தொண்டையைச் செருமி அறிவித்தார்: "சோளக்காட்டு விபத்துக்குக் காரணம், விமானியின் தவறு."

மார்வா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "என்ன தவறு? சொல்லுங்க பாப்போம். செத்த இன்ஜினை வெச்சுக்கிட்டு உசிரோட இறங்கினாரே, அதுவா தவறு?"

லோவெல் டுவேனைப் பார்த்தார். டுவேன் என்னைப் பார்த்தார். நான் கொலாச்சியைப் பார்த்தேன்.

வெர்லின் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"விடு மார்வா. தலைவர் சொல்றது சரிதான், தப்பு என்னோடதுதான்" என்றார், கோபமே இல்லாமல். "நான் இவங்க பேச்சைக் கேட்டேன்."

அதையே தீர்மானமாக எழுதிக்கொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார். லோவெலுக்கு நிம்மதி, உடனே முன்மொழிந்தார். டுவேன் வழிமொழிந்தார். எங்கள் வழக்கப்படி, ஒருமனதாக நிறைவேறியது.