அமைதிமேட்டின் மூன்றாம் எச்சரிக்கை

மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கி, மின்சாரத்தில் வளர்ந்து, மேற்கு டெக்சாஸின் 'அமைதிமேடு' குடியிருப்பில் வந்து முழுமையடைந்தது. முப்பத்தெட்டு வீடுகள், ஒரே ஒரு குடியிருப்போர் சங்கம். நகரத்தின் இரைச்சல் பொறுக்காமல் ஓடிவந்த உத்தமர்கள் அங்கே வாழ்ந்தார்கள். சங்கத்தின் ஒன்பதாம் விதி சத்தத்தைத் தடை செய்தது. அந்த விதி முதலில் ஒரு சேவலை வென்றது. பிறகு வராந்தாக்களில் தொங்கிய காற்றுமணிகளை வென்றது. அதன்பின் சாலைமுனைத் தேவாலயத்தின் ஞாயிறு மணியையே வென்றது. ஆலயமணி இப்போது கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வருகிறது.

மீதமிருந்த ஒரே குற்றவாளி கிலுகிலுப்பைப் பாம்பு.

குடியிருப்பின் வாசலில் தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும் கல்மேடைக்கு அடியில் அது வசித்தது. ஆள் நெருங்கினால் வாலைத் தூக்கி ஆட்டும். உலர்ந்த விதைகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் வரும். அதைக் கேட்டதும் தபால்காரி வெல்டா கிரம்ப் நின்றுவிடுவாள். பத்தொன்பது வருஷமாக அந்த வழித்தடத்தில் தபால் கொடுப்பவள். "சரி ராசா, நீ போ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பாள். அது மெல்ல இறங்கி மேடைக்குள் போகும். பிறகு தன் வேலையைப் பார்ப்பாள். விஷத்தைக் கொடுத்த கர்த்தர் கூடவே ஒரு மணியையும் கட்டி அனுப்பியிருக்கிறார் என்பது அவளுடைய எளிய நம்பிக்கை. அந்தக் கருணைக்காகத் தினமும் ஒரு வரி ஜெபம் செய்வாள்.

சங்கத் தலைவர் பிரெஸ்டன் ஹேல் சட்டத்தை மதிப்பவர். எடுத்தவுடன் நடவடிக்கை எடுக்கமாட்டார். விதிப்படி மூன்று எச்சரிக்கைகள் பதிவுத் தபாலில் போனபிறகுதான் நடவடிக்கை. எனவே முதல் கடிதம் போனது. முகவரி: 'குடியிருப்பவர், தபால் பெட்டி மேடை, கீழ்த்தளம்.'

தபால்தலை ஒட்டிய கடிதத்தைச் சேர்க்காமலிருப்பது வெல்டாவின் தொழில் தர்மத்துக்கு ஆகாது. ஆறடி தள்ளி நின்று சத்தமாகப் படித்துக் காட்டினாள். பாம்பு கையெழுத்துப் போட மறுத்தது.

அப்போது வேலியைச் சரிசெய்துகொண்டிருந்த பாம்பு பிடிக்கும் டூலி சிரித்தான். "அதுக்குக் காது கேக்காதும்மா. பாம்புக்குக் காதே கிடையாது."

"அப்போ சங்கத்துலயே உறுப்பினராச் சேத்துக்கலாமே" என்றாள் வெல்டா.

மூன்றாம் கடிதமும் போய், குற்றவாளி திருந்தாததால் அவசரக் கூட்டம் கூடியது. டூலியையும் அழைத்திருந்தார்கள்.

"ரெண்டு மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டுடறேன் சார். அரை மணி நேர வேலை."

தலைவர் அதிர்ந்துபோனார். "என்னப்பா பேசற? 'இயற்கையோடு இயைந்த வாழ்வு'ன்னு விளம்பரத்துல போட்டிருக்கோம். இயற்கையைத் தூக்கி வெளிய போடறதா? அது இருக்கட்டும். சத்தம் மட்டும் வேண்டாம்."

"சத்தம் போடலன்னா அது எங்க இருக்குன்னு எப்படிங்க தெரியும்?"

"தெரியாம இருக்கறதுதான் அமைதி" என்றார் தலைவர். கைதட்டல் தடைசெய்யப்பட்டிருந்ததால் எல்லோரும் விரல்களை மட்டும் அசைத்தார்கள்.

டூலி பாம்பைக் கவட்டைக் கோலால் அமுக்கிப் பிடித்து, கிலுகிலுப்பையை மட்டும் நகம் வெட்டுவதுபோல் வெட்டினான். பாம்புக்கு வலிக்கவில்லை. வலித்தது டூலிக்குத்தான். வெட்டியதை வெல்டாவிடம் கொடுத்தான். "உங்க வீட்டுக்காரர் பிடில்ல போட்டு வைங்க. அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான் செய்வாங்க, நாதம் நல்லா வரும்னு."

மறுநாள் காலை வெல்டா கல்மேடையை நெருங்கினாள். சத்தமில்லை. இன்னும் ஓரடி வைத்தாள். ஏனோ குனிந்து பார்த்தாள். பூட்ஸ் முனையிலிருந்து ஒரு முழத்தில் பாம்பு சுருண்டிருந்தது. வாலை முழுமூச்சாக ஆட்டிக்கொண்டிருந்தது. பழைய நேர்மையோடு, பழைய கடமையுணர்வோடு ஆட்டியது. வெல்டா பின்வாங்கி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பயம் தனக்காக மட்டும் இல்லை. நாலாம் வீட்டு மிஸ் ஆப்பிக்குக் கண் மங்கல். பென்ஷன் கடிதம் வந்ததா என்று தினமும் தடவித் தடவி வருகிறவள்.

அன்றே ஒரு தகரப் பலகையில் 'கீழே பாருங்கள்' என்று எழுதி மாட்டினாள். 'பார்வைக்கு இரைச்சல்' என்று சங்கம் அதைக் கழற்றியது. அதனால் வெல்டா தபால் பிரித்துப் போடும் நேரம் முழுக்க, யாராவது பெட்டிப் பக்கம் வந்தால் வண்டியின் ஹாரனை அடித்தாள். ஆட்கள் திடுக்கிட்டு நிற்பார்கள். நீளக் கழியால் தரையைத் தட்டி, பாம்பு உள்ளே போனதும் கடிதங்களை அவளே எடுத்துக்கொடுப்பாள்.

அவளுக்கும் முதல் எச்சரிக்கை வந்தது. தன் பெயருக்கு வந்த தபாலைத் தானே கொண்டுவந்து, தானே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்து இரண்டாவது. மூன்றாவதோடு, சங்கத்தின் புகாரை ஏற்ற தபால் அதிகாரியின் உத்தரவும் இருந்தது. வெள்ளிக்கிழமையோடு அந்த வழித்தடம் அவளுக்கு இல்லை.

"ஹாரனை விட்டுடுங்கம்மா" என்றான் டூலி. "யாராவது கடிபட்டா அப்புறம் புத்தி வரும்."

"அந்த யாராவது மிஸ் ஆப்பியா இருந்தா?"



வெள்ளிக்கிழமை காலை, சங்கத்தின் வெற்றியை நேரில் காணத் தலைவரே நடந்துவந்தார். காலில் மெல்லிய செருப்பு. நேராகக் கல்மேடைக்குப் போனார். வெல்டா ஹாரனை அழுத்தினாள். கையை எடுக்காமல் அழுத்தினாள்.

தலைவர் மேடையருகே நின்று திரும்பினார். "விதி ஒன்பது!" என்று விரலை ஆட்டினார்.

"சார், காலுக்குக் கீழ பாருங்க!"

"முதல்ல சத்தத்தை நிறுத்து. அப்புறம் பாக்கறேன்."

விரலை ஆட்டியபடி, கொள்கையில் உறுதியாக, அவர் அங்கேயே நின்றார். கீழே பாம்பும் ஆட்டிக்கொண்டிருந்தது. முதலில் பொறுமையிழந்தது பாம்புதான்.

மருத்துவமனை நாற்பத்து மூன்று மைல். வெல்டா அவரைத் தபால் மூட்டைகளின்மேல் படுக்கவைத்து, வீங்கும் காலை அசையாமல் வைத்து, வண்டியை விரட்டினாள். வழியில் மாட்டுமந்தை குறுக்கிட்டது. ஹாரனை அடித்தாள்.

"ஹாரன்..." என்று முனகினார் தலைவர். "எழுபது டெசிபலுக்கு மேல..."

"ஆமா சார். புகார் எழுதிக்குடுங்க, திங்கக்கிழமை பதிவுத் தபால்ல போட்டுடலாம். இப்ப கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று தன் பாட்டிலை நீட்டினாள்.

விஷமுறிவு மருந்து ஏறி, மாலையில் அவர் கண் திறந்தார். வெல்டா கட்டிலருகே நாற்காலியில் கண்மூடி உதடசைத்துக்கொண்டிருந்தாள். வழித்தடம் பறிபோன முதல் மாலையை அவருக்காகச் செலவிட்டிருந்தாள்.

தலைவர் வாயைத் திறந்தார். ஆனால் நன்றி சொல்ல அல்ல.

"அந்தப் பிராணிக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா? ஒரு சின்னச் சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?"

வெல்டா அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அது உங்க பேச்சைக் கேட்டுச்சு சார். நான் கேக்கல. அதனாலதான் நீங்க இன்னும் பேசிட்டிருக்கீங்க."