அலவன்ஸ் விட்ட கூடாரம்

பனியன் கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்தால் போதும், உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பனியன் துணியிலேயே செய்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை வந்துவிடும். எங்கள் வீட்டில் தலையணைக்குள் அடைத்தது கட்டிங் வேஸ்ட். ஜன்னல் திரை, டி.வி. உறை, அடுப்படிக் கைத்துணி எல்லாம் பனியன் துணி. (மாமனார் வீட்டு எருமைக்குக்கூட குளிருக்கு ஒன்று தைத்துக் கொடுத்தேன். அது அதைத் தின்றுவிட்டது.)

ஆகவே, பிள்ளைகளே, கூடாரத்தையும் அதிலேயே தைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அப்போது நான் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். அளவு போட்டுத் துணி வெட்டுவது என் வேலை. மகள் கல்பனா மூன்றாம் வகுப்பு படித்தாள். அவள் புத்தகத்தில் ஒரு படம். ஏரிக்கரையில் ஒரு கூடாரம், அதன் வாசலில் அப்பா, அம்மா, குழந்தை.

"நாமளும் இப்பிடிப் போயித் தங்கலாமுங்களாப்பா?" என்றாள்.

"போலாம் கண்ணு" என்றேன். மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அந்த வாரம் பார்த்து ஷிப்மெண்ட் அவசரம் வந்தது. அடுத்த முறையும் ஷிப்மெண்ட். மூன்றாவது தடவை நான் "போலாம்" என்றபோது, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "செரிங்கப்பா" என்றாள். கரண்ட் போன வீட்டில் "இப்ப வந்துரும்" என்பவரிடம் நாம் சொல்வோமே, அந்தச் செரி. அது நெஞ்சில் குத்திவிட்டது. என் மகள் என் பேச்சை நம்புவதை நிறுத்தியிருந்தாள்.

வருகிற சனிக்கிழமை வானமே இடிந்து விழுந்தாலும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டே தீருவது என்று முடிவு செய்தேன். (வானத்துக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும்.)

குடோன் மூலையில் ரோஸ் கலர் துணி ஒரு சுருள் கிடந்தது. "யாருக்கும் வேண்டாம்னு கெடக்குது, எடுத்துக்குங்க மாஸ்டர்" என்றார் முதலாளி. ஏன் யாருக்கும் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை.

தைத்துக் கொடுத்தவர் எங்கள் டெய்லர் அந்தோணி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். துணியைத் தூக்கிப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வந்தது.

"அண்ணே, இதுலயா கூடாரம் போடப் போறீய?"

"ஆமாங்க. பனியன் துணி தண்ணி பட்டாச் சுருங்குமல்லங்க? அதுக்குன்னே அரை அடி அலவன்ஸ் விட்டு வெட்டியிருக்கறேன்!"

"கழுத்தும் கையும் வச்சிட்டம்னா யானைக்குப் பனியனாயிரும்லா" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் தைத்தார்.

உடுமலைப் பக்கம் ஒரு ஏரி, கரையில் ஒரு பூங்கா. பஸ் மேலே மூங்கில் கம்பு, மடியில் கூடாரம், தூக்குப் போசியில் புளிசாதம். பூங்காவின் நடுவே சிமெண்டில் ஒரு பெரிய வெள்ளை யானை; முதுகில் ஏறித் தும்பிக்கை வழியாகச் சறுக்கலாம். வெள்ளை மீசை வைத்த வாட்ச்மேன், "ராத்திரி தங்க உடமாட்டமுங்க" என்றார். நான் விடவில்லை. இரண்டு முறை ஏமாந்த பிள்ளை என்று கல்பனாவை முன்னால் நிறுத்தினேன். அவர் அவளைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார். "செரி, போடுங்க. பாவமா இருக்குது" என்றார். யாரைப் பார்த்துப் பாவம் என்றாரோ தெரியாது.

கூடாரம் நிமிர்ந்து நின்றது, பிள்ளைகளே! ரோஸ் கலரில், மடிப்பு இல்லாமல், அளவெடுத்த மாதிரி. கல்பனா உள்ளே ஓடிப் படுத்துக்கொண்டு, "அப்பா, படத்துல இருக்கற மாதிரியேங்கப்பா!" என்று கத்தினாள். நான் என் மனைவி சரோஜாவை ஒரு பார்வை பார்த்தேன். அவள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது மழை பிடித்தது.

"ஏனுங்க, வெளிய பேயறதக் காட்டியும் உள்ளதானுங்க அதிகமாப் பேயுது" என்றாள் சரோஜா.

"சித்த பொறு. துணி சுருங்கி இழை நெருங்கீரும். அப்பறம் ஒரு சொட்டு எறங்காது."

துணி சுருங்கவில்லை. நனைந்து கனத்து இறங்க ஆரம்பித்தது. முதலில் என் தலையைத் தொட்டது. பிறகு சரோஜாவின் தலை. நடுவில் தண்ணீர் தேங்கி, கறக்க மறந்த பசுவின் மடி மாதிரி தொங்கியது. நான் எழுந்து நின்று அதைத் தலையாலேயே தாங்கினேன். அதாவது, கூடாரத்துக்கு நடுக்கம்பு இப்போது நான்தான்.

"எவ்வளவு நேரமுங்க இப்பிடியே நிப்பீங்க?"

"விடியற வரைக்கும்!"

அந்தப் பழைய "செரி" கல்பனாவின் முகத்தில் வருவதைப் பார்த்தேன். கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டேன். அப்போதுதான் மூங்கில் இரண்டும் ஒரேசமயத்தில் சாய்ந்தன. அரை அடி அலவன்ஸும் சேர்ந்து எங்கள் மேல் சுற்றிக்கொண்டது. ஈரப் பனியன் துணிக்குள் மாட்டியவனுக்குத் தெரியும், இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருக்கும், முடியவே முடியாது.

"ஐயோ சாமி, ஆருங்க உள்ள? உசுரோட இருக்கறீங்களா?" என்று ஓடிவந்தார் வாட்ச்மேன். ஒவ்வொருவராக உருவி எடுத்து, எங்களை யானையின் வயிற்றுக்கு அடியில் ஓட்டினார். அங்கே தரை காய்ந்திருந்தது. கூடாரத்தைப் பிழிந்தோம். அருமையாகத் துவட்டியது. நாங்கள் தலை துவட்டினோம், வாட்ச்மேனும் முகம் துடைத்துக்கொண்டார். பிறகு மழைச்சாரல் அடிக்காமல் இருக்க அதை யானை முதுகிலிருந்து திரையாகத் தொங்கவிட்டோம்.

திரும்பிப் பார்த்தால், வாட்ச்மேனின் மீசை ரோஸ் கலரில் இருந்தது.

சரோஜாவின் நெற்றி ரோஸ். என் வழுக்கை ரோஸ். அந்தத் துணி யாருக்கும் ஏன் வேண்டாம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாயம் நிற்காத லாட்!

கல்பனா அந்த மீசையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள். அவள் கடைசியில் கேட்டாள்: "அப்பா, இந்த ஆனைக்குக் கீழயே படுத்துக்கலாமுங்களா? வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

"படுத்துக்கலாம் கண்ணு" என்றேன். இந்தத் தடவை அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். புளிசாதம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினோம்.

திங்கட்கிழமை வகுப்பில் யாரும் நம்பவில்லையாம். கழுத்தைத் திருப்பி, இன்னும் போகாத ரோஸ் சாயத்தைக் காட்டியிருக்கிறாள். கூடாரம் கொடியில் காய்ந்ததும் அளந்து பார்த்தேன். மிகச் சரியாக அரை அடி சுருங்கியிருந்தது. என் கணக்கு தப்பவில்லை. இதை இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் காதில் வாங்கியதில்லை. மாறாக, நான் எதற்குக் கிளம்பினாலும், கல்யாணமோ காசி யாத்திரையோ, "அலவன்ஸ் விட்டாச்சுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன வருடம் கல்பனா தன் மகனோடு என்னையும் அந்தப் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். யானைக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். ஆனால் பெயிண்டரின் கை எட்டாத அடிவயிற்றில், தண்ணீர் வழிந்த தடமாக ஒரு ரோஸ் கோடு இன்னும் இருந்தது. துணியில் நிற்காத சாயம் சிமெண்டில் நின்றுவிட்டது.

பையன் குனிந்து பார்த்து, "இதென்னம்மா?" என்றான்.

"அதா? உங்க அப்புச்சி இந்த ஆனைக்கு ஒரு பனியன் தெச்சுப் போட்டாருடா" என்றாள் கல்பனா. "அளவுதான் கொஞ்சம் பத்தல."