நுரைத்த பலகை

காய் நறுக்கும் பலகை பொங்கிப் பொங்கி நுரைத்தது. காலை முழுவதும் கோயில் அன்னதானத்துக்கு வெலிமடை உருளைக்கிழங்கு வெட்டி அண்டாவில் போட்டுவிட்டு, பலகையைக் கழுவ உட்கார்ந்த வள்ளியம்மை, கையில் பழுப்புப் போத்தலோடு அப்படியே அசையாமல் இருந்தாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க."

வீரசிங்கம் எட்டிப் பார்த்தார். "என்னது, சோடாவா?"

"பெராக்சைடு. பக்கத்து வீட்டு சுலோஜனா டீச்சர் சொல்லி ஸலீம் பார்மசியில வாங்கினேன். குளோரின் ஊத்துனா கண்ணும் எரியுது, தண்ணி ஓயா ஆத்துல போயி மீனும் சாகுது. இது வேலை முடிஞ்சதும் வெறும் தண்ணியாயிருமாம்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா டீச்சர் இன்னொண்ணும் சொன்னாங்க. ரத்தம் பட்ட இடத்துல நுரைச்சுக்கிட்டு வருமாம்."

வீரசிங்கம் பலகையை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

கந்த சஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் அது. பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் அவருக்கு, நாளைக்குச் சூரசம்ஹாரத்தில் தலையில் பரிவட்டம் கட்டப்போகிறார்கள். பதினெட்டு வருடம் காத்துக் கிடந்து வாங்கிய மரியாதை. விரதம் முறிந்தது தெரிந்தால், வள்ளியம்மையே முதல் ஆளாகப் போய்க் குருக்களிடம் சொல்லிவிடுவாள். புருஷன் என்றெல்லாம் பார்க்கமாட்டாள்.

முறிந்ததென்னவோ உண்மைதான். மூணு நாள் பாலும் பழமுமாகக் கிடந்த மனிதர், நேற்று மதியம் அவள் கோயிலுக்குப் போன கையோடு, ஜுனைதீன் கடையில் கால் கிலோ ஆட்டு ஈரல் வாங்கி வந்து பொரித்துத் தின்றுவிட்டார். அதற்காக அவரை ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். ஈரலை வெட்டியது வீட்டுக்குப் பின்னால், பழைய பேப்பரில், சொந்தப் பேனாக்கத்தியால். பொரித்தது பிஸ்கட் டின்னில். பேப்பரை எரித்தார், டின்னைப் புதைத்தார், வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டார். திரும்பி வந்த வள்ளியம்மை, அவருடைய பக்தியைப் பார்த்துக் கண்கூடக் கலங்கினாள்.

பலகையை அவர் தொடவே இல்லை. பிறகு எப்படி இப்படி நுரைக்கிறது?

"அது என் ரத்தம்தான் வள்ளி. விடியக்காலையில எலுமிச்சம்பழம் நறுக்கினேன். கை வெட்டிருச்சு."

"எங்க, காட்டுங்க."

"இரு, முகத்தைக் கழுவிட்டு வர்றேன்."

பின்னால் ஓடி, சவர பிளேடை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலில் ஒரு கீறு கீறினார். பயத்தில் கொஞ்சம் ஆழமாகவே போய்விட்டது.

வள்ளியம்மை காயத்தில் பெராக்சைடை ஊற்றினாள். நுரைத்தது. அவளுக்குத் திருப்தி. துணி கிழித்துக் கட்டும் போட்டுவிட்டாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உங்க தம்பிக்குச் சொல்லி அனுப்பணும்," என்றாள்.

"அவனுக்கு எதுக்கு?"

"ரத்தக் காயத்தோட பரிவட்டம் கட்டிக்கக் கூடாதுங்க. நாளைக்கு அவரு கட்டிக்கிடட்டும்."

தம்பி சிவஞானம் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். அவன் தலையில் பரிவட்டம் என்று நினைத்ததுமே வீரசிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது காயமே இல்ல வள்ளி. இப்பத்தான் பிளேடு கீறிச்சு, நாளைக்குள்ள ஆறிரும். பலகையில இருக்கிறது எலி ரத்தம். பூனை கொண்டாந்து கடிச்சுது. நீ பயந்துருவேன்னு சொல்லல."

"விரத வீட்டுல எலி ரத்தமா?"

அவ்வளவுதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போத்தலோடு எழுந்தாள் வள்ளியம்மை. கத்தியில் ஊற்றினாள், நுரைத்தது. தோல் போட்ட தட்டு நுரைத்தது. கிழங்கு அலசிய தொட்டி நுரைத்தது. அவள் உட்கார்ந்திருந்த மணைக்கட்டைகூட ஓரத்தில் நுரைத்தது.

வீரசிங்கம் போத்தலையே பார்த்தார். தொடாத கத்தி நுரைக்கிறது, தொடாத தட்டு நுரைக்கிறது. இது மருந்து செய்கிற வேலை இல்லை, முருகன் செய்கிற வேலை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எலியும் இல்ல, பூனையும் இல்ல. ஈரல் தின்னேன் வள்ளி. நேத்து மத்தியானம். கால் கிலோ."

"கால் கிலோவா?"

"மிளகு போட்டு."

வள்ளியம்மை போத்தலை மூடி வைத்தாள். கையைக் கழுவினாள். ஆணியில் தொங்கிய குடையை எடுத்தாள். வாசலைத் தாண்டியதும் குருக்கள் வீட்டுப் பாதைதான். வீரசிங்கம் கைகூப்பிக்கொண்டே பின்னால் போனார்.

வாசலில், மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க சுலோஜனா டீச்சர் வந்து நின்றார்.

"வந்து பாருங்க டீச்சர்," என்றாள் வள்ளியம்மை. "உங்க மருந்து கறையை மட்டுமா எடுத்துச்சு? கள்ளனையே புடிச்சுக் குடுத்திருச்சு. பலகை, கத்தி, தட்டு, எல்லாம் ஒரே ரத்தம்."

டீச்சர் உள்ளே போய்ப் பலகையைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். மூலையில் இருந்த அண்டாவையும் பார்த்தார்.

"இது ரத்தமெண்டு ஆர் அக்கா சொன்னது? பச்சை உருளைக்கிழங்கு வெட்டின சாறு பட்டாலும் இது இப்பிடித்தான் நுரைக்கும்."