பிரேக் எங்கே, மாப்பிள்ளை?

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நலமில்லாதது என் இடது முழங்கை ஒன்றுதான். அதைப் பற்றியே இக்கடிதம்.

வெளியூர் போகும்போது பந்தய சைக்கிளை எங்கள் கூடத்தில் நிறுத்தி, "துடைச்சு மட்டும் வைங்க மாமா" என்றீர்கள். துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஒரு சந்தேகம். ஹேண்டில்பார்தான் இருக்கிறதே, நடுவில் மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு கம்பிகளும் பஞ்சுத் திண்டும் எதற்கு? என் மகளிடம் போனில் கேட்டேன். "முழங்கைய அந்தப் பஞ்சு மேல வச்சுக் குனிஞ்சு ஓட்டணும்ப்பா, காத்து தடுக்காது. ஆனா..." என்பதற்குள் லைன் போய்விட்டது. அந்த 'ஆனா'வில்தான் விஷயமே இருந்திருக்கிறது.

ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவனுக்குச் சைக்கிள் என்ன பிரமாதம் என்று மறுநாள் காலையே கிளம்பிவிட்டேன். குனிந்தால் தெரு தெரியவில்லை, முன்சக்கரம்தான் தெரிந்தது. தலையைத் தூக்கினால் கழுத்து பிடித்துக்கொண்டது. லேசாகத் திருப்பினால் வண்டி பாம்பாக நெளிந்தது. அந்த நேரம் பார்த்துப் பால் வண்டி குறுக்கே வர, கொம்பு நுனியில் இருந்ததை ஓங்கி அமுக்கினேன், அது பிரேக் இல்லையாம், கியராம், பிரேக் பழைய ஹேண்டில்பாரிலேயே இருக்கிறதாம், அதைத் தேடி முடிப்பதற்குள் பஞ்சர் கடை வாசலில் அடுக்கியிருந்த டயர்களுக்குள் போய்விட்டேன். கடைக்காரர் தூக்கிவிட்டு, "பெரியவரே, சைக்கிள்ல படுத்துத் தூங்கிட்டீங்களா?" என்றார்.

சாயங்காலம் மகள் மீதியைச் சொன்னாள்: "ஆளில்லாத நேர் ரோட்டுல மட்டும்தான்ப்பா முழங்கை. வளைவு, கூட்டம்னா கை பிரேக்குக்குப் போயிடணும்."

எனக்குப் புரியாதது இதுதான். ஓடுகிற வண்டியில் பிரேக்கை விட்டுவிட்டு ஒரு மனுஷன் எப்படி நிம்மதியாக மூச்சு விடுவது? நீங்கள் தினமும் அப்படித்தான் போகிறீர்களாமே! ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கொம்பைக் கழற்றிவிடுங்கள். உங்கள் அத்தையும் அதையேதான் சொல்வாள்.

உங்கள் கை பிரேக்கிலும் மனம் மகிழ்ச்சியிலும் என்றும் இருக்க வாழ்த்தும்,
மாமனார்

பி.கு.: கவரை ஒட்டும்போது பார்த்தால் கூடத்தில் சைக்கிளைக் காணோம். எதிர் மைதானத்தில் உங்கள் அத்தை முழங்கையை வைத்து, தலை நிமிர்ந்து, கோடு போட்ட மாதிரி போய்க்கொண்டிருக்கிறாள். திருப்பத்தில் கை தானாகப் பிரேக்குக்குப் போகிறது. கொம்பைக் கழற்ற யாரும் கை வைக்கக் கூடாதாம். வரும்போது அவளுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கி வரவும். "இதையெல்லாம் எப்படிடீ கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். "ஜன்னல்லேர்ந்து உங்களப் பாத்தேன்ல. நீங்க செஞ்சது எதையும் செய்யல, அவ்வளவுதான்" என்கிறாள்.