கப்பெல்லி பராமரிப்பு

ஒரு மொழி அறவே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அவன் கையைக் காலை ஆட்டுவான், சிரிப்பான், போய்விடுவான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன். ஏனென்றால் அவன் பதில் சொல்வான். பலெர்மோவுக்கு வந்த முதல் வருடம் முழுவதும் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் பொருளியலை அரைவாசியில் விட்டுவிட்டு வந்தவன், இங்கே மாடிப்படிகளை ஒரு படியும் விடாமல் கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. அந்த வீட்டு எசமானியின் கம்பளிச் சட்டையைக் கொதிநீரில் போட்டுத் துவைத்தேன். (அழுக்குப் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.) போட்டபோது அது ஒரு வளர்ந்த பெண்ணின் சட்டை. எடுத்தபோது அந்த வீட்டுப் பூனைக்கு அளவாக இருந்தது. நானும் பூனையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கே வேலை போயிற்று.

போனால் போகட்டும் என்று இருக்க முடியாது. பெர்மெசோ என்று ஒரு தாள் இருக்கிறது. இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி. வேலை ஒப்பந்தம் இல்லாமல் அதைப் புதுப்பிக்கமாட்டார்கள். என்னுடையது அந்த மாதக் கடைசியில் முடிகிறது. கல்யாணமான கையோடு ஊரில் விட்டுவிட்டு வந்த மனைவியை இங்கே எடுப்பிப்பதும் அந்தத் தாளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு எழுதிய கடிதங்களில் "இஞ்சை எல்லாம் நல்லாப் போகுது" என்ற வசனத்தை மட்டும் விதவிதமாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் எங்கள் அறை. அறைக்கு மூத்தவர் நேசன் அண்ணை. சந்தையில் மீன்பெட்டி இறக்குகிறவர். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும்; அந்த வழியில் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நன்றி சொன்னதை நான் கண்டதில்லை. புதிய வேலையைத் தேடிப் பிடித்துத் தந்தவரும் அவர்தான். "என்ன கேட்டாலும் 'சி', அதுதான் 'ஓம்', எண்டு மட்டும் சொல்லு தம்பி. விளக்கம் குடுக்க வெளிக்கிடாதை" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடி. வழக்கறிஞர் ஒருவரின் வீடு. வாசலுக்குள் நுழைந்ததும் ஆளுயரத்துக்கு ஒரு கொளுவி. அதில் வழக்கறிஞரின் தொப்பிகள் வரிசையாகத் தொங்கின. வழக்கறிஞரின் மனைவி, எனக்குச் சிஞ்ஞோரா, என்னைக் கதிரையில் இருத்தி, சமைப்பாயா, இஸ்திரி போடுவாயா என்று கேட்டார். சி, சி. (கம்பளியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.) பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையான கேள்வி இதுதான் என்பதுபோல, கப்பெல்லி பராமரிக்கத் தெரியுமா என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் இலக்கணம் பேச வேண்டியிருக்கிறது. இத்தாலிய மொழியில் தலைமயிருக்கும் தொப்பிகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல். நடுவில் வரும் 'ப்' ஒலியை இலேசாகத் தொட்டுவிட்டுப் போனால் மயிர். அதன்மேல் ஒரு கணம் குந்தியிருந்துவிட்டு எழும்பினால் தொப்பி. நானோ இத்தாலியச் சொற்களை மனதுக்குள் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்குகிறவன். தமிழில் நடுவே ஒற்றைப் 'ப' போட்டால் அது சுபம், லாபம் என்பதில் வருவதுபோல மெலிந்துவிடும். ஆகவே இரட்டிப்பதைத் தவிர வழியில்லை. அப்படி எழுதியதில் எனக்குக் கப்பெல்லி என்றால் ஒரேயொரு பொருள்தான் இருந்தது: தொப்பி. பக்கத்தில் தொப்பிகள் வேறு தொங்கிக்கொண்டிருந்தன.

நேசன் அண்ணையின் அறிவுரையை மீறி விளக்கம் கொடுத்தேன். வாரம் ஒருமுறை தூரிகையால் தூசி தட்டுவேன், வெயிலில் காயவைப்பேன், பூச்சி வராமல் பார்த்துக்கொள்வேன் என்றேன். பூச்சி என்றதும் சிஞ்ஞோரா கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். ஆனாலும் என் வெளிப்படையான பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது போலிருந்தது. உற்சாகம் மேலிட்டு, என் அப்பாவிடமும் இருந்தது, கோயிலுக்குப் போகும்போது மட்டும் கழற்றிவிடுவார் என்றும் சொல்லிவைத்தேன். அவர் அனுதாபத்தோடு தலையசைத்தார்.

சனிக்கிழமை ஒருநாள் வேலை பார்ப்பது, பிடித்தால் திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை பின்னேரம் சிஞ்ஞோரா வெளியே போகப் புறப்பட்டார். மறுநாள் வழக்கறிஞரின் சொந்தக்காரர்கள் அத்தனைபேரும் விருந்துக்கு வருகிறார்கள், படப்பிடிப்பாளரும் வருகிறார். தையல்காரியிடம் சட்டை எடுக்க வேண்டும், கேக் எடுக்க வேண்டும், கோயில் மணி அடிப்பதற்குள் வந்துவிடுவேன் என்றார். பிறகு உள்ளே போய் ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழு வயதிருக்கும். அல்மாஸ், எங்கள் மகள், எத்தியோப்பியாவிலிருந்து தத்தெடுத்தோம், வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்றார். அவளுடைய தலைக்கு மேலே கையைக் காட்டி, "கப்பெல்லி" என்றார்.

நான் தலையில் தொப்பியைத் தேடினேன்.

தொப்பி இல்லை. அடர்ந்து, சுருண்டு, ஒன்றோடொன்று பிணைந்து, யாரையும் கிட்ட அண்டவிடாமல் நின்ற தலைமயிர் இருந்தது. அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிள்ளை வந்த நாள் தொடக்கம் யாரையும் தலையில் கைவைக்க விடவில்லை. ஒரு சொல் கதைத்ததும் இல்லை. சொல்வதெல்லாம் விளங்குகிறது, வாய் மட்டும் திறப்பதில்லை என்று சிஞ்ஞோரா சொன்னபோது அவருடைய கண் கலங்கியது. நீங்கள் என்றால் விடுவாள், உங்கள் ஆட்களுக்குத் தெரியும்தானே என்றார். அவருடைய உலகப் படத்தில் எத்தியோப்பியாவும் யாழ்ப்பாணமும் ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீடுகள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெர்மெசோவை நினைத்தேன். "சி, சிஞ்ஞோரா" என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

தலைமயிர் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா தங்கச்சிமாருக்குச் செய்ததைத் தூரத்தில் இருந்து பார்த்ததுதான். எண்ணெய் தேய், சுடுநீரில் முழுகவை, துவட்டு, இழு. நல்லெண்ணெய்க்கு இங்கே எங்கே போவது? குசினியில் இருந்த ஒலிவ் எண்ணெயில் அரைப் போத்தலை ஊற்றினேன். அதைப் போக்க ஷாம்பூ. போகவில்லை, திரும்பவும் ஷாம்பூ. பக்கத்தில் இன்னொரு போத்தலில் பல்சமோ என்று எழுதியிருந்தது. தைலம். தலையிடிக்குப் பூசுவது. பிள்ளைக்குத் தலையிடி இல்லை என்று தள்ளி வைத்தேன். (தலையிடி எனக்குத்தான் தொடங்கியிருந்தது.)

அல்மாஸ் முக்காலியில் அசையாமல் இருந்தாள். கண்ணாடிக்குள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நனைந்த மயிர் தோளைத் தொட்டது. பரவாயில்லை, நல்ல நீளம் என்று பெருமைப்பட்டுத் துவாயால் அழுத்தித் துவட்டிவிட்டுச் சிஞ்ஞோராவின் அறைக்குச் சீப்புத் தேடிப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் மயிர் காதுவரைதான் இருக்கிறது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கண்ணுக்கு முன்னாலேயே அது இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. சுருண்ட மயிர் காயும்போது ஏறும், இழுத்தால் திரும்ப நீளும், அது அதன் இயல்பு என்பதெல்லாம் இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கொதிநீர், கம்பளி, பூனை. இன்னொரு வீட்டில் இன்னொன்றைச் சுருக்கிவிட்டேன். இந்த முறை சுருங்கியது ஒரு பிள்ளையின் தலை.

ஒரு பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். தோள்வரை வந்தது. அப்பாடா என்று விட்டேன். மேலே போயிற்று. இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, சிஞ்ஞோரா வரும்வரை இப்படியே நிற்கலாமா என்றுகூட யோசித்தேன்.

பிறகுதான் சீப்பு. சிஞ்ஞோராவின் சீப்பு, நெருங்கிய பல், ஆமையோட்டு நிறம். எங்கள் வழக்கப்படி உச்சியில் வைத்துக் கீழ்நோக்கி இழுத்தேன். நான்கு விரல் தூரம் போய் நின்றது. பின்னாலும் வரவில்லை, முன்னாலும் போகவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். "டக்" என்றது. பாதி என் கையில், பாதி உள்ளே.

அல்மாஸ் அழவில்லை. கண்ணில் நீர் முட்டி நின்றது. அதை விழவிடாமல் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தாள். அதற்குப் பதிலாக அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தொலைபேசிக்கு ஓடினேன். அறையில் நேசன் அண்ணை இருந்தார். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"கத்திரிக்கோல் இருக்கோ?" என்றார்.

"அண்ணை, நாளைக்குப் படம் எடுக்கினம்."

"மொட்டை அடிச்சு விடு தம்பி. எங்கடை ஊரிலை நல்ல காரியத்துக்கு முன்னம் பிள்ளையளுக்கு மொட்டை போடுறது வழக்கம் எண்டு சொல்லு. சமயம் எண்டு சொன்னா இவையள் ஒண்டும் கதைக்கமாட்டினம்."

"பிள்ளை எங்கடை ஊர் இல்லையே, அண்ணை."

"அது அவைக்குத் தெரியுமோ? உன்னட்டைத்தானே தலையைத் தந்தவை. தலைமயிர் முளைக்கும். பெர்மெசோ முளைக்குமோ?"

வெட்கக்கேடான விஷயம் என்னவென்றால், அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகப் பட்டது. முழு மொட்டை வேண்டாம், சீப்புச் சிக்கிய இடத்தை மட்டும் வெட்டலாம், மேலே ரிப்பன் கட்டலாம் என்று எனக்கு நானே பேரம் பேசிக்கொண்டு, குசினியில் இருந்து கத்திரிக்கோலோடு வந்தேன். வெளியே வெளிச்சம் மஞ்சளாகிவிட்டிருந்தது. சிக்கிய பிடியைத் தூக்கிக் கத்திரியை விரித்தேன்.

அல்மாஸ் முக்காலியை விட்டு இறங்கினாள். என் கையில் இருந்து கத்திரிக்கோலை வாங்கினாள். பறிக்கவில்லை, வாங்கினாள். பல்கனிக்கு நடந்துபோய், கம்பிக்கு வெளியே கையை நீட்டி விட்டாள். நான்கு மாடிக்குக் கீழே முற்றத்தில் அது விழுந்த சத்தமும், வாயில்காவலர் யாருடைய தாயையோ விசாரித்த சத்தமும் கேட்டன.

வரும்போது கொடியில் உடுப்பைக் கவ்வியிருந்த கிளிப்புகளைக் கை நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். நான் தள்ளிவைத்த பல்சமோவை எடுத்து என் உள்ளங்கையில் ஊற்றினாள். (அது தைலமில்லை, மயிரை இளக்கும் கண்டிஷனர் என்று பிறகுதான் அறிந்தேன்.) குழாயைத் திறந்து தலையை நனைத்தாள். மயிரைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் ஒரு கிளிப்பைக் கடிக்கவிட்டு, ஒன்றை மட்டும் வெளியே விட்டு, என் கையைப் பிடித்து அதன் நுனியில் வைத்தாள். நான் பழக்கதோஷத்தில் உச்சிக்குப் போனேன். புறங்கையில் ஒரு அடி விழுந்தது. நுனி. கொஞ்சம் மேலே போனேன். இன்னொரு அடி. இன்னும் நுனிதான். சீப்பு இல்லை, விரல். ஒரு சிக்கு முழுவதாக அவிழ்ந்தபிறகுதான் அடுத்ததற்கு அனுமதி. ஏழு வயதில் நான் வாங்காத அடியை முப்பதை எட்டும் வயதில் வாங்கிக்கொண்டு, ஈர நிலத்தில் முழந்தாளில் நின்றேன்.

மயிர் வழுக்கியது, இளகியது, என் விரலைச் சுற்றிக்கொண்டு பிறகு விட்டுக்கொடுத்தது. பாதிச் சீப்பு தானாக வெளியே வந்து விழுந்தது. இன்னும் தலையில் முக்கால்வாசி கிடந்தது. அப்போது கோயில் மணி அடித்தது. தொடர்ந்து கதவில் சாவி திரும்பியது.

சிஞ்ஞோரா குளியலறை வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் கேக் பெட்டி, மறு கையில் சட்டை. அவர் கண்டதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்: நிலம் முழுதும் தண்ணீர், மகளின் தலை நிறைய உடுப்புக் கிளிப்புகள், எண்ணெயும் நுரையுமாக முழங்கைவரை வெள்ளையான ஒரு ஆள், அவருடைய சீப்பு இரண்டு துண்டு.

என்ன நடக்கிறது இங்கே என்று மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவான குரலை நான் முந்தைய வீட்டிலும் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த இத்தாலியச் சொற்களில் ஒன்றுகூட வரவில்லை.

அல்மாஸ் திரும்பித் தாயைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

"லுயி நொன் சா நியெந்தே" என்றாள்.

இவருக்கு ஒன்றும் தெரியாது. எழுவாய், பயனிலை, எதிர்மறை, எல்லாம் அதனதன் இடத்தில் பிழையில்லாமல் இருந்தன. அந்த வீட்டில் அந்தப் பிள்ளை பேசிய முதல் வசனம் அது.

சிஞ்ஞோரா கேக் பெட்டியை வைத்தார். வைத்த இடம் தொட்டி. தொட்டியில் தண்ணீர் இருந்ததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டார். தாய்க்குக் காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து அல்மாஸ் இன்னும் உரத்து, ஒவ்வொரு சொல்லாக, விரலை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து சொன்னாள். சிஞ்ஞோரா ஈரநிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அல்மாஸ் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பல்சமோவை எடுத்துத் தாயின் கையில் ஊற்றி, அந்தக் கையைப் பிடித்து ஒரு கூறின் நுனியில் வைத்தாள்.

இருட்டும்வரை இரண்டுபேரும் அடி வாங்கினோம். சிஞ்ஞோராவுக்கு என்னைவிடக் குறைவாக விழுந்தது. இடையில் அவர் என்னைப் பார்க்காமலேயே, திங்கட்கிழமை கடவுச்சீட்டைக் கொண்டு வா என்றார். மறுநாள் விருந்துப் படத்தில் அல்மாஸின் தலையில் ஒரு பின்னல் தடிப்பு, ஒன்று மெல்லிசு. கேக் படத்தில் இல்லை.

அடுத்த வருடம் மனைவி வந்து சேர்ந்தாள். அவளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அல்மாஸ் தானாகவே எடுத்துக்கொண்டாள். அதற்குள் அவள் பலெர்மோக்காரியாகி, சிசிலியச் சந்தை இழுவையில் கதைக்கத் தொடங்கியிருந்தாள். முதல் பாடமாக எந்த வசனத்தைத் தெரிவு செய்தாள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

மனைவியின் பெர்மெசோவுக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போனோம். வரிசையில் நின்று எங்கள் முறை வந்ததும், அதிகாரி ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, இதில் ஏன் முத்திரை இல்லை என்று என்னைக் கேட்டார். நான் தொண்டையைச் செருமி, விளக்கம் ஒன்றைத் தயார் செய்தேன். பின்னால் இருந்து மனைவியின் குரல் வந்தது. பயமே இல்லாத, தெளிவான குரல்.

"லுயி நொன் சா நியெந்தே."

அதிகாரி என்னை ஒருமுறை பார்த்தார். நம்பிவிட்டார். முத்திரையைத் தானே குத்தினார். மிச்சக் கேள்விகள் எல்லாவற்றையும் மனைவியைப் பார்த்தே கேட்டார், அவள் அத்தனைக்கும் புன்னகைத்தாள், காரியம் முடிந்தது. வெளியே வந்து, உமக்கு இத்தாலியன் எவ்வளவு தெரியும் என்று கேட்டேன். "அது மட்டும்தான். அது காணும் எண்டு அல்மாஸ் சொன்னவள்" என்றாள்.

காணும்தான். பிறகு எங்களுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்தோ வங்கியில் இருந்தோ போன் வந்து, அப்பா இருக்கிறாரா என்று கேட்டால், ஆள் இருக்கிறேனா இல்லையா என்பதற்கு முன்னால் அந்தத் தகவல் போய்விடும். போனமுறை என் நெஞ்சைச் சோதித்த டாக்டர் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டபோது, சுற்றி நின்ற மூன்றுபேரும் ஒரே குரலில் சொன்னார்கள். வீம்புக்கு நானும் சேர்ந்து சொன்னேன்.

என் உச்சரிப்புச் சரியில்லை என்று மூன்றுபேரும் திருத்தினார்கள்.